தோற்றம்: மார்கழி

எங்கள் அம்மம்மா கிறிஸ்மஸ் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. நத்தார் என்றுதான் சொல்வார். மன்னார்த் தீவில் எங்கள் ஊரில் அந்தத் தலைமுறை முழுவதற்கும் அதுதான் சொல். "நத்தாருக்கு முதல் கூரை மேஞ்சு முடிக்கவேணும்", "நத்தார் கழியட்டும், கலியாணப் பேச்சை எடுப்பம்" என்று ஆண்டின் கடைசிக் காலம் முழுவதும் அந்தச் சொல்லைச் சுற்றியே ஓடும். வரலாறு படிப்பிக்கத் தொடங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் அதன் வேரைத் தேடினேன். போர்த்துக்கேயர் இந்தத் திருநாளை 'நட்டால்' என்றார்கள். அதற்கு மூலம் 'நட்டாலிஸ்' என்ற இலத்தீன் சொல். பிறப்புக்குரிய நாள் என்பது பொருள். சிங்களவர் 'நத்தல' என்பதும் அதே வேரிலிருந்துதான்.

அந்தச் சொல்லை நான் மறுபடியும் நினைக்கும்படி செய்தவன் என் மாணவன் ஒருவன். தை மாதம், பள்ளிக்கூடம் தொடங்கிய முதல் வாரம். பத்தாம் வகுப்பில் உரோமப் பேரரசு நடந்துகொண்டிருந்தது. கடைசி வாங்கிலிருந்து எழுந்தான்.

"ரீச்சர், நத்தார் உண்மையில யேசுவின்ர பிறந்த நாள் இல்லையாம். உரோமரின்ர சூரியப் பண்டிகையைத்தான் வேதக்காரர் எடுத்து வச்சிருக்கினமாம். உண்மையோ?"

கேலி செய்யக் கேட்டவனில்லை. எங்கோ படித்ததைச் சரிபார்க்கக் கேட்டான். ஆனால் முன் வரிசையில் இருந்த கத்தோலிக்கப் பிள்ளைகளின் முகம் வாடியதைக் கண்டேன். அடுத்த பாடத்தில் சொல்கிறேன் என்று விட்டுவிட்டேன். அன்று எனக்குத் தெரிந்திருந்ததும் அவனுக்குத் தெரிந்திருந்த அளவுதான். அடுத்த பாடத்தில் ஏதோ சொன்னேன்; அது போதவில்லை என்பது எனக்கே தெரிந்தது. அதன் பிறகு கைக்கு எட்டியதையெல்லாம் வாசித்து வருகிறேன். இது அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழி.

முதலில் ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்வோம். இயேசு பிறந்த நாளையோ மாதத்தையோ நான்கு நற்செய்திகளும் சொல்லவில்லை. மாற்கும் யோவானும் பிறப்புக் கதையையே தொடவில்லை. மத்தேயு ஏரோது மன்னனையும் விண்மீனையும் சொல்கிறார். லூக்கா குடிக்கணக்கையும் இரவில் கிடை காத்த இடையரையும் சொல்கிறார். நாள் இல்லை. தாங்கள் வழிபட்ட ஒருவர் பிறந்த நாளை எழுதிவைக்க வேண்டும் என்று அந்த முதல் தலைமுறைகளுக்கு ஏன் தோன்றவில்லை?

எங்கள் வீட்டை நினைத்தால் இதற்கு விடை எளிது. நான் சிறுமியாக இருந்தபோது வீட்டில் யாருக்கும் பிறந்த நாள் கொண்டாடியதில்லை. இறந்தவர்களின் நாள்கள் மட்டும் தவறியதில்லை. அம்மப்பாவின் ஆண்டுப் பூசை, சின்ன வயதில் போன மாமாவின் ஆண்டுப் பூசை, எல்லாவற்றையும் அம்மம்மா விரல் மடித்துச் சொல்வார். பூசைக்குக் காசு கட்டி, ஊரில் நாலு வீட்டுக்குச் சோறு கொடுத்து, கல்லறையில் மெழுகுதிரி கொளுத்துவோம். அம்மம்மா எப்போது பிறந்தார் என்று கேட்டால், "மாரி மழைக்குள்ள, மார்கழியில எண்டு அம்மா சொன்னவ" என்பதோடு சரி. ஞானஸ்நானப் பதிவேட்டின் அந்தக் காலத்து ஏடுகளைச் செல் அரித்துவிட்டது. எழுபதுகளில் அடையாள அட்டை எடுக்க வேண்டி வந்தபோது, விண்ணப்பம் நிரப்பியவர் மழைக் கணக்கைக் கேட்டுவிட்டு ஒரு நாளைத் தானே எழுதினார். அம்மம்மா அதைப் பொருட்படுத்தவில்லை.

முதல் கிறிஸ்தவர்களும் இப்படித்தான் வாழ்ந்தார்கள். சிமிர்னா நகரத்து ஆயர் பொலிக்கார்ப்பு இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் கொல்லப்பட்டபின், அவரது சபையார் மற்றச் சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். ஆண்டுதோறும் அவரது எலும்புகள் வைத்த இடத்தில் கூடி அவருடைய 'பிறந்த நாளை'க் கொண்டாடப்போவதாக அதில் சொல்கிறார்கள். அவர்கள் பிறந்த நாள் என்றது அவர் கொல்லப்பட்ட நாளை. வேதசாட்சி இறக்கும் நாளே அவர் வானில் பிறக்கும் நாள். அந்தப் பொருளில்தான் நட்டாலிஸ் என்ற சொல் முதலில் சபைகளில் புழங்கியது. மன்னாரில் பிறந்த எனக்கு இதை விளக்க யாரும் தேவையில்லை. 1544இல் சங்கிலி மன்னனின் ஆட்களால் கொல்லப்பட்ட எங்கள் தீவின் வேதசாட்சிகளை இன்றும் நினைவுகூர்கிறோம். அவர்களில் ஒருவர் பிறந்த நாளும் எவருக்கும் தெரியாது.

மூன்றாம் நூற்றாண்டில் ஒரிகன் என்ற பேரறிஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். வேதாகமத்தில் பிறந்த நாள் விருந்து வைப்பவர்கள் பார்வோனும் ஏரோதுவும்தான், இரண்டு விருந்திலும் ஓர் உயிர் போனது, தூயவர் எவரும் பிறந்த நாள் கொண்டாடியதாக இல்லை என்று போதித்தார். அவருக்குச் சற்று முன், 200ஆம் ஆண்டை ஒட்டி, அலெக்சாந்திரியாவின் கிளமெந்து சிலர் நாளையும் கணிக்க முயல்வதை எழுதிவைத்தார். எகிப்திய மாதக் கணக்கில் அவர் தரும் நாள்களை நம் நாள்காட்டிக்கு மாற்றினால் ஒன்று மே 20, மற்றொன்று ஏப்ரல் 19 அல்லது 20. பசிலிதேஸ் என்ற போதகரின் வழி வந்தவர்கள் சனவரி 6இலோ 10இலோ இயேசுவின் திருமுழுக்கைக் கொண்டாடுகிறார்கள் என்றும் சொல்கிறார். 243இல் எழுதப்பட்ட ஓர் இலத்தீன் கணக்கு நூல் அவர் மார்ச் 28இல் பிறந்தார் என்கிறது. படைப்பின் நான்காம் நாளில் கதிரவன் உண்டானதால் கிறிஸ்துவும் அந்த நாளில்தான் வந்திருக்க வேண்டும் என்பது அதன் வாதம். இத்தனை நாள்கள் பேசப்பட்ட கிளமெந்தின் பட்டியலில் திசம்பர் 25 இல்லை.

பிறகு அது எங்கே முதலில் தலைகாட்டுகிறது? ஒரு செல்வரின் வீட்டுப் புத்தகத்தில். 354ஆம் ஆண்டுக்காக வலந்தீனுஸ் என்ற உரோமக் கிறிஸ்தவருக்குப் பரிசாகச் செய்யப்பட்ட நாள்காட்டித் தொகுப்பு அது. எழுத்தை வடித்தவர் பிலோகலுஸ். பின்னாளில் திருத்தந்தை தமாசுவின் கவிதைகளை வேதசாட்சிகளின் கல்லறைகளில் அழகுற வெட்டியவரும் அவர்தான். மூலநூல் அழிந்துவிட்டது. அதைப் பார்த்து ஒன்பதாம் நூற்றாண்டளவில் எழுதிய பிரதி பிரெஞ்சு அறிஞர் பெய்ரெஸ்க் கைக்கு வந்தது. 1637இல் அவர் இறந்த பின் அதுவும் காணாமற்போனது. இந்தப் பிரதியைப் பார்த்து எடுத்த படிகளால்தான் நமக்கு அந்தப் புத்தகம் தெரியும்.

அதில் உரோமரின் அரச நாள்காட்டியும் இருக்கிறது, திருச்சபையின் பட்டியல்களும் இருக்கின்றன. இரண்டும் ஒரே அட்டைக்குள். திருச்சபைப் பட்டியல்களில் ஒன்று வேதசாட்சிகள் அடக்கம் செய்யப்பட்ட நாள்களைச் சொல்வது. அதன் முதல் வரி, சனவரி முதல் நாளுக்கு எட்டாம் நாள் முன்பு யூதேயாவின் பெத்லகேமில் கிறிஸ்து பிறந்தார் என்கிறது. உரோமர் மாதத்தின் முதல் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவார்கள். அந்த முதல் நாளையும் சேர்த்து எண்ணினால் எட்டாவது நாள் திசம்பர் 25. இறந்தோர் பட்டியல் ஒன்றின் தலையில் ஒரு பிறப்பு எழுதப்பட்டிருப்பதை முதன்முதலில் வாசித்தபோது நெடுநேரம் அந்தப் பக்கத்தைவிட்டு நகர முடியவில்லை.

இந்த வழக்கம் 354க்கு முந்தியது என்பதைக் காட்டுவது பக்கத்திலுள்ள ஆயர்களின் பட்டியல். அதில் ஆயர்கள் இறந்த ஆண்டின்படி அடுக்கப்படவில்லை. நாள்காட்டியில் அவர்களது நாள் வரும் ஒழுங்கில் இருக்கிறார்கள். திசம்பர் 27இல் தொடங்கி அந்த ஆண்டுச் சுற்று ஒழுங்காகப் போகிறது. 335ஆம் ஆண்டின் கடைசி நாளில் இறந்த சில்வெஸ்தர் தன் இடத்தில் சரியாக நிற்கிறார். ஆனால் 336 அக்டோபரில் இறந்த மாற்கும், 352இல் இறந்த யூலியுவும் ஒழுங்குக்குப் புறம்பாகக் கடைசியில் ஒட்டப்பட்டிருக்கிறார்கள். ஆகவே பட்டியல் முதலில் எழுதப்பட்டது சில்வெஸ்தர் இறந்த பிறகு, மாற்கு இறப்பதற்கு முன். அதாவது 336இல். அந்த ஆண்டில் உரோமத் திருச்சபை தன் ஆண்டுச் சுற்றைத் திசம்பர் 25ஐ ஒட்டித் தொடங்கியது. கடைசியில் ஒட்டிய இரண்டு பெயர்கள் ஒரு பட்டியலின் வயதைச் சொல்லிவிட்டன. பதிவேட்டில் பிந்திச் செருகிய வரியைக் கண்டுபிடிக்கும் எந்தப் பள்ளிக்கூடத்து எழுதுவினைஞருக்கும் இந்த வேலை புரியும்.

இனி அதே புத்தகத்தின் அரச நாள்காட்டிப் பக்கம். அங்கே திசம்பர் 25க்கு நேரே சுருக்கமாக ஒரு குறிப்பு: 'என்' என்ற ஒற்றை எழுத்து, பிறகு 'இன்விக்தி' என்ற சொல், பிறகு 30 தேரோட்டங்கள். வெல்லப்படாதவரின் பிறந்த நாள் என்று விரித்துப் படிக்கிறார்கள். வெல்லப்படாதவர் என்பது கதிரவனுக்கு உரோமர் கொடுத்த பட்டம். அந்த ஒற்றை 'என்' நட்டாலிஸ் என்பதன் முதலெழுத்து. அம்மம்மா கூரை மேய்வதற்குத் தவணை வைத்த அதே சொல்.

மாணவன் கேட்ட கேள்விக்கான சான்று இந்தப் பக்கம்தான். ஒரே புத்தகம், ஒரே நாள், இரண்டு பிறப்புகள். எது எதைப் பார்த்து வந்தது?

1889ஆம் ஆண்டில் இரண்டு அறிஞர்கள் இரண்டு விடைகளை வெளியிட்டார்கள். ஜெர்மனியின் பொன் நகரில் ஹெர்மன் ஊசனர் என்ற மொழியியலாளர் நத்தார்த் திருநாளைப் பற்றி ஒரு நூல் எழுதி, சூரியப் பண்டிகையின் இடத்தில் திருச்சபை தன் திருநாளை வைத்தது என்று வாதிட்டார். பாரிசில் லூயி துய்ஷேன் என்ற குரு கிறிஸ்தவ வழிபாட்டின் தொடக்கங்களைப் பற்றிய நூலில், கிறிஸ்தவர்கள் தாங்களே கணக்குப் பார்த்து இந்த நாளுக்கு வந்திருக்கலாம் என்றார். இன்றுவரை நடக்கும் வாதம் இந்த இரண்டு கரைகளுக்கு இடையில்தான் ஓடுகிறது.

சூரியப் பக்கத்துச் சான்றுகளை எடுத்துக்கொள்வோம். அவுரேலியன் பேரரசர் 274இல் வெல்லப்படாத கதிரவனுக்கு உரோமில் பெருங்கோவில் கட்டினார். மல்கியா இறைவாக்கினர் சொன்ன நீதியின் கதிரவன் கிறிஸ்துவே என்று கிறிஸ்தவர்களும் போதித்துவந்தார்கள். உரோமில் புனித பேதுரு பேராலயத்துக்குக் கீழே உள்ள பழைய கல்லறை ஒன்றின் விதானத்தில், தலையைச் சுற்றிக் கதிர்கள் விரிய, தேரேறி வரும் உருவம் ஒன்று பொன்னிறச் சில்லுகளால் பதிக்கப்பட்டிருக்கிறது; அது கிறிஸ்துவே என்று பலர் கொள்கிறார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் திருத்தந்தை லியோ தம் நத்தார்ப் பிரசங்கத்தில், பேராலயப் படிகளில் ஏறியபின் திரும்பி நின்று எழும் கதிரவனை வணங்கும் கிறிஸ்தவர்களைக் கண்டித்தார். கண்டிக்க வேண்டியிருந்தது என்றால் வழக்கம் இருந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டு ஆயர் தியொனீசியுஸ் பார் சலிபியின் சிரிய மொழி நூல் ஒன்றின் ஓரத்தில், கதிரவன் விழாவில் கிறிஸ்தவர்களும் ஈடுபட்டதால் பிறப்புத் திருநாள் அந்த நாளுக்கு மாற்றப்பட்டது என்று பெயர் தெரியாத எழுத்தர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

வலிமையான சான்றுகள்போல் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றையும் நகத்தால் சுரண்டிப் பார்க்க வேண்டும். அந்த ஓரக்குறிப்பு நிகழ்ச்சிக்கு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிந்தியது. அவுரேலியன் தன் கோவிலைத் திசம்பர் 25இல் அர்ப்பணித்தார் என்று எந்தப் பழைய ஆவணமும் சொல்லவில்லை. பின்னாளைய நூல்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று சொல்லிவந்த ஊகம் அது. 354 நாள்காட்டியில் கதிரவனின் பெருவிழா அக்டோபர் 19 முதல் 22 வரை நடக்கிறது, கடைசி நாளில் 36 தேரோட்டங்களோடு. ஆகஸ்ட் 28இல் கதிரவனுக்கும் நிலவுக்கும் சேர்ந்து ஒரு விழா இருக்கிறது. திசம்பர் 25இல் கதிரவன் விழா இருந்ததற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய சான்று, கிறிஸ்து பிறப்பைச் சொல்லும் அதே புத்தகம்தான். கிறிஸ்தவப் பட்டியல் 336க்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், எது மூத்தது என்று இந்தத் தாள்களை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஸ்டீபன் ஹிஜ்மன்ஸ் போன்ற அண்மைக்கால ஆய்வாளர்கள் இதைத்தான் எடுத்துக்காட்டினார்கள். சத்தூர்னாலியா என்ற உரோமரின் கேளிக்கைத் திருவிழாவையும் நத்தாரின் தாய் என்பார்கள். அது திசம்பர் 17இல் தொடங்கி 23இல் முடிந்துவிடும். பரிசு கொடுப்பதும் மெழுகுதிரி ஏற்றுவதும் அங்கிருந்து வந்திருக்கலாம். நாள் அங்கிருந்து வரவில்லை.

கணக்குப் பக்கத்துக்கு வருவோம். இயேசு இறந்த நாளை மார்ச் 25 என்று மேற்கே கணித்தார்கள். மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜின் தெர்த்துல்லியன் பெயரில் உள்ள நூலிலேயே அந்த நாள் இருக்கிறது. பெரியோர் தொடங்கிய நாளிலேயே முடிவார்கள் என்பது யூதரிடமும் இருந்த எண்ணம். மோசே பிறந்ததும் இறந்ததும் அதார் மாதம் 7ஆம் நாள் என்று தல்மூத் சொல்கிறது. இயேசு தாயின் வயிற்றில் உருவானதும் அதே மார்ச் 25 என்று கொண்டால், ஒன்பது மாதம் கூட்டத் திசம்பர் 25 வருகிறது. அகுஸ்தீன் தம் திரித்துவ நூலில் இதை வெளிப்படையாகவே எழுதுகிறார். கிழக்கே சிலர் இறந்த நாளை ஏப்ரல் 6 என்று கணித்தார்கள்; ஒன்பது மாதம் கூட்டினால் சனவரி 6, கிழக்கத்தியத் திருநாள். இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போவதைக் கண்டு தாமஸ் தாலி 1986இல் வெளியிட்ட நூலில் துய்ஷேனின் கருத்துக்கு மறுபடி உயிர் கொடுத்தார்.

இதிலும் ஓட்டை இருக்கிறது. மோசேயின் கணக்கு பிறப்பையும் இறப்பையும் சேர்க்கிறது. இந்தக் கணக்கோ கருவையும் இறப்பையும் சேர்க்கிறது. அகுஸ்தீன் எழுதியபோது திருநாள் பல பத்தாண்டுகள் பழையது. முதலில் நாளை வைத்துக்கொண்டு பிறகு கணக்கைச் சொல்வதும் மனித வழக்கம்தான். அந்தியோக்கியாவில் யோவான் கிறிசோஸ்தம் 386இல் நத்தார் நாளில் பேசியபோது, இந்த நாள் தங்களுக்குத் தெரியவந்து பத்தாண்டுகூட ஆகவில்லை, மேற்கிலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு ஒரு கணக்கும் போட்டுக்காட்டினார். திருமுழுக்கு யோவானின் தந்தை செக்கரியா ஆலயத்தில் தூபம் காட்டியதைப் பாவப் பரிகார நாளில் வைத்து, அங்கிருந்து ஆறு மாதமும் ஒன்பது மாதமும் எண்ணினார். அதற்குச் செக்கரியா தலைமைக் குருவாக இருந்திருக்க வேண்டும். லூக்கா அப்படிச் சொல்லவில்லை. முறைவைத்துப் பணி செய்த சாதாரணக் குரு அவர்.

சனவரி 6ஐ விடாமல் பிடித்தவர்களும் உண்டு. எருசலேம் சபை ஆறாம் நூற்றாண்டு வரை அந்த நாளிலேயே பிறப்பைக் கொண்டாடியது. ஆர்மேனியர் இன்றுவரை மாறவில்லை. போர்க் காலத்தில் சில ஆண்டுகள் நான் சென்னையில் இருந்தபோது, பாரிமுனையில் அரண்மனைக்காரன் தெரு என்று சனம் அழைக்கும் ஆர்மேனியன் தெருவில் 1772இல் கட்டிய அவர்களது கோவிலுக்குப் போனேன். முற்றத்தில் கல்லறைக் கற்கள் பதித்த தரை. உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழி இதழை 1794இல் அந்நகரில் அச்சிட்ட குரு அங்கேதான் அடக்கப்பட்டிருக்கிறார். வழிபாட்டுக்கு ஊரில் ஆர்மேனியர் இல்லை. ஆனாலும் அவர்களது மக்கள் இருக்கும் இடமெல்லாம் பிறப்பும் திருமுழுக்கும் ஒரே நாளில், சனவரி 6இல்தான். பெத்லகேமில் இன்று மூன்று முறை நத்தார் வருகிறது: மேற்கத்தியருக்குத் திசம்பர் 25, கிரேக்கருக்குச் சனவரி 7, பழைய நாள்காட்டியின் சனவரி 6ஓடு நிற்கும் ஆர்மேனியருக்குச் சனவரி 19. இயேசு பிறந்த ஊரே ஒரு நாளில் உடன்படவில்லை.

மாணவனின் கேள்விக்குள் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருந்தது. வேதக்காரர் எடுத்துவிட்டார்கள் என்பது. இந்தக் குற்றச்சாட்டை முதலில் உரக்கச் சொன்னவர்கள் யார் என்று தேடியபோது எனக்கே வியப்பாக இருந்தது. மதத்துக்கு எதிரானவர்கள் அல்ல. மிகக் கடுமையான கிறிஸ்தவர்கள். வேதத்தில் இல்லாத திருநாள் வேண்டாம் என்று இங்கிலாந்துப் பாராளுமன்றம் 1647இல் நத்தாரை ஒழித்தது. மாசசூசெற்ஸ் குடியேற்றத்தில் 1659இல் நத்தார் கொண்டாடுவோருக்கு 5 சிலிங் தண்டம் விதித்தார்கள். 1681இல்தான் அது நீக்கப்பட்டது. அங்கே பொஸ்ரன் நகரத்துப் போதகர் இன்கிறீஸ் மாதர் 1687இல், உரோமரின் சத்தூர்னாலியா திசம்பரில் வந்ததால்தான் நத்தாரை அங்கே வைத்தார்கள் என்று எழுதினார். அவருக்கு அது கடவுளின் பொருட்டு எழுந்த கோபம். அந்தக் கோபம் கைமாறிக் கைமாறி என் வகுப்பறையின் கடைசி வாங்கு வரை வந்திருக்கிறது.

அதே காலத்தில் எங்கள் பக்கத்திலும் நத்தார் ஒளிந்துதான் நடந்தது. 1658இல் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர் கத்தோலிக்கப் பூசையைத் தடைசெய்தார்கள். கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசேப் வாஸ் முனிவர் இரவுகளில் வீடுகளில் பூசை வைத்தார். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடியிருந்தவர்களை ஒல்லாந்தப் படையினர் பிடித்தார்கள். நத்தார் என்ற சொல்லைக் கொண்டுவந்த போர்த்துக்கேயர் போய்விட்டார்கள். சொல்லைச் சனங்கள் விடவில்லை.

உயிர்த்த ஞாயிற்றைப் பற்றியும் இதே கதை சொல்வார்கள். ஈஸ்டர் என்பது ஒரு பெண்தெய்வத்தின் பெயர், ஆகவே திருநாளும் அவளுடையது என்று. ஈயோஸ்திரே என்ற தெய்வத்தைச் சொல்பவர் 725இல் எழுதிய ஆங்கிலேயத் துறவி பீட் ஒருவர்தான். ஏப்ரல் மாதத்துக்கு அவளால் பெயர் வந்தது என்று ஒரு வரியில் சொல்லிப் போகிறார். ஆனால் இங்கிலாந்து கிறிஸ்தவமாவதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் திருநாள் நடந்துவந்தது, யூதரின் பாஸ்காவை ஒட்டி, அதே பெயரில். பொலிக்கார்ப்பு உரோமுக்குப் போய் ஆயர் அனிசேத்தோடு அதன் நாளைப் பற்றித்தான் வாதாடினார். யூத மாதக் கணக்கில் பதினான்காம் நாளிலா, ஞாயிற்றிலா என்று. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் அனிசேத் தன் பலிபீடத்தைப் பொலிக்கார்ப்புக்கு விட்டுக்கொடுத்தார், சமாதானமாகப் பிரிந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெரிய வெள்ளிக் காலத்தில் ஆடும் பாடுகளின் நாடகத்துக்குப் பாஸ் என்றும் பாஸ்கு என்றும்தான் பெயர். பழைய வேரைச் சொல் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் வந்த பெயர் ஒன்றை வைத்து உலகத்துத் திருநாளின் பிறப்பைத் தீர்மானிக்கக் கூடாது.

நத்தாருக்கே திரும்புகிறேன். சூரியப் பக்கமும் கணக்குப் பக்கமும் எதிரெதிர் என்று பல காலம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. யூலியுஸ் சீசரின் நாள்காட்டியில் பகலும் இரவும் சமமாகும் வசந்த நாள் மார்ச் 25. பகல் மிகக் குறுகும் நாள் திசம்பர் 25. இந்த இரண்டும் உரோமர் எல்லாரும் அறிந்த நாள்கள். கிறிஸ்தவர்கள் கணக்குப் போட்டபோது எண்கள் அந்த இடங்களில் வந்து விழுந்தது தற்செயலாக இருக்க முடியாது. திருமுழுக்கு யோவானின் பிறப்பைப் பகல் குறையத் தொடங்கும் சூன் 24இலும், கிறிஸ்துவின் பிறப்பைப் பகல் வளரத் தொடங்கும் திசம்பர் 25இலும் வைத்து, அகுஸ்தீன் அதன் பொருளையே பிரசங்கம் செய்தார். தேரோட்டம் வைத்தவர்களும் பிறப்பை எழுதியவர்களும் ஒரே வானத்தைப் பார்த்தார்கள். ஒருவரிடமிருந்து ஒருவர் பறித்தார் என்று சொல்ல, வானம் யாருடைய சொத்தும் இல்லை.

அதிலும் ஒன்று. நான்காம் நூற்றாண்டில் பகல் மிகக் குறுகிய நாள் உண்மையில் திசம்பர் 21க்கு நகர்ந்துவிட்டது. சீசரின் கணக்கில் இருந்த சிறு பிழை நூற்றாண்டுகளாகச் சேர்ந்ததன் விளைவு. வானம் நகர்ந்தாலும் மக்கள் பழைய நாளைவிட்டு நகரவில்லை. என் மாணவன் பொங்கல் பொங்கும் வீட்டுப் பிள்ளை. தைப் பொங்கலை உத்தராயணத்தின் தொடக்கம் என்கிறோம். கதிரவன் வடக்கே திரும்புவது திசம்பர் 21ஐ ஒட்டி, பொங்கல் சனவரி நடுவில். ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஒன்றாக இருந்தன. வானம் விலகிவிட்டது என்று எந்தத் தாயும் முற்றத்தில் பானை வைக்காமல் விடவில்லை. அவனிடம் அன்று இதைச் சொல்லியிருந்தால், முன் வரிசைப் பிள்ளைகளும் அவனும் ஒரே பக்கத்தில் நின்றிருப்பார்கள்.

அம்மம்மா ஒரு பங்குனியில் இறந்தார். ஆண்டு முடிவதற்குள் கல்லறை கட்டினோம். கல் வெட்டுபவர் ஒரு தாளில் 'தோற்றம்', 'மறைவு' என்று இரண்டு வரி எழுதி நாள்களைக் கேட்டார். பெரிய மாமா அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அரசாங்கத்துத் தாளில் இருக்கிறது, அதையே வெட்டட்டும் என்றார். சின்ன மாமா அந்த வரியே வேண்டாம் என்றார். அம்மா இருவரையும் பார்த்துச் சொன்னார்:

"மார்கழியில எண்டு அவ சொன்னவ. அவ சொன்னதை வெட்டுங்கோ."

இன்றும் அந்தக் கல்லில் மறைவுக்கு நேரே நாளும் மாதமும் ஆண்டும் இருக்கின்றன. தோற்றத்துக்கு நேரே ஒரே ஒரு சொல். ஒவ்வொரு நத்தாருக்கும் நடுச்சாமப் பூசை முடிந்து, பாலன் குடிலில் குழந்தையை வைத்ததும், கோவிலின் பின்பக்கம் உள்ள சேமக்காலைக்குப் போய் அங்கே ஒரு மெழுகுதிரி கொளுத்துகிறோம். அம்மம்மாவுக்கு நாள் எங்களிடம் இல்லை. பிறந்தார் என்பது மட்டும் உறுதி, அதனால் இந்த இரவை அவருக்கும் வைத்துக்கொண்டோம். 336இல் உரோமில் அந்தப் பட்டியலின் முதல் வரியை எழுதியவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கல்தான் கண்ணில் வருகிறது.